சேய்மையில் தெரியும் மனிதர்

நுழையும்முன்

திரைப்படம் தொடங்கியதும் கதை நிகழும் இடத்தைத் தொலைவிலிருந்து காட்டுவது வழக்கம். மலை, ஆறு, தெரு, கடற்கரை என ஏதேனும் ஒன்று திரையை நிறைக்கும். நாம் இருக்கையில் சாய்ந்து அமர்கிறோம். கதை இன்னும் தொடங்கவில்லை என்று எண்ணிக்கொள்கிறோம். இயக்குநரோ அப்போதே பேசத் தொடங்கிவிட்டார். அவர் பேசும் மொழியை மரக்காணம் உப்பளத்தின் வரப்பில் நின்று கற்போம்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்லும் பேருந்து மரக்காணத்தை நெருங்கும்போது, பயணிகள் பலர் பேச்சை நிறுத்திவிட்டுச் சன்னல் பக்கம் திரும்புவதைக் கண்டிருக்கிறேன். சாலையோரத்தில் தொடங்கிக் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை பாத்திகள் விரிந்து கிடக்கும். சில பாத்திகளில் வானம் தெரியும். சிலவற்றில் வெண்மை படர்ந்திருக்கும். வரப்புகளில் உப்பு அம்பாரங்கள் கூம்பு கூம்பாக நிற்கும். இவற்றுக்கிடையே எங்கோ சில புள்ளிகள் நகரும். யாரேனும் ஒருவர் கைப்பேசியை எடுத்துப் படம்பிடிப்பார். சிறிது நேரத்தில் பேருந்து உப்பளத்தைக் கடந்துவிடும்.

அந்தப் பயணி எடுத்தது ஒரு சேய்மைக் காட்சி. அதில் நிலம் இருக்கிறது, ஒளி இருக்கிறது, அழகும் இருக்கிறது. நகர்ந்த புள்ளிகள் யார் என்பது மட்டும் அதில் இல்லை. தொலைவிலிருந்து எடுக்கும் காட்சியில் மனிதரைத் தொலைக்காமல் இருப்பது எவ்வாறு? ஒளிப்பதிவுக் கலையின் பழைய கேள்விகளுள் இதுவும் ஒன்று.

அளவும் பணியும்

கேமரா இயங்கத் தொடங்கியது முதல் நிறுத்தப்படும் வரை இடைவெட்டு இல்லாமல் பதிவாகும் பகுதியைக் காட்சித்துண்டு என்கிறோம். திரைத்துறையினர் அதனை 'ஷாட்' என்பர். சட்டகத்தில் மனித உருவம் எவ்வளவு இடத்தைப் பெறுகிறது என்பதைக்கொண்டு காட்சித்துண்டுகள் பெயர் பெறுகின்றன. முகம் மட்டும் தெரிவது அண்மைக் காட்சித்துண்டு. இடுப்புக்கு மேல் தெரிவது நடுக் காட்சித்துண்டு. தலைமுதல் கால்வரை முழு உருவமும், அதனைச் சூழ்ந்த இடமும் தெரிவது சேய்மைக் காட்சித்துண்டு. உருவம் எறும்பளவாகச் சுருங்கி, நிலமே சட்டகத்தை ஆளும்போது அதனை மீசேய்மைக் காட்சித்துண்டு எனலாம்.

'எஸ்டாப்ளிஷிங் ஷாட்' என்று திரைத்துறையினர் வழங்கும் மற்றொரு பெயரும் உண்டு. தமிழில் இதனைக் களம் நிறுவும் காட்சித்துண்டு என்போம். இப்பெயர் அளவைக் குறிப்பதன்று, பணியைக் குறிப்பது. கதை எங்கே நிகழ்கிறது, எப்பொழுது நிகழ்கிறது, இங்கிருப்போர் எத்தகையோர் என்பவற்றைப் பார்வையாளருக்கு உணர்த்துவதே அப்பணி. அப்பணியைப் பெரும்பாலும் சேய்மைக் காட்சித்துண்டே செய்வதால் இரண்டையும் ஒன்றெனவே மாணவர் பலர் எழுதிவிடுகின்றனர். நானும் சில ஆண்டுகள் அவ்வாறே கற்பித்திருக்கிறேன். 'மரக்காணம்' என்று எழுதிய பேருந்துப் பலகை ஒன்றைத் திரை முழுதும் காட்டினால் அஃது அண்மைக் காட்சித்துண்டு; ஆயினும் களத்தை நிறுவிவிடுகிறது. படத்தின் முடிவில் நாயகன் தொலைவில் நடந்து மறைவது சேய்மைக் காட்சித்துண்டு; எனினும் எந்தக் களத்தையும் அது புதிதாக நிறுவுவதில்லை.

களம் நிறுவும் காட்சித்துண்டு தேய்ந்துபோன வழக்காக மாறுவதும் உண்டு. சிற்றூரிலிருந்து ஒருவர் சென்னைக்கு வருகிறார் என்றால், பழைய தமிழ்ப் படங்களில் சென்ட்ரல் நிலையத்தின் மணிக்கூண்டும், 1959இல் திறக்கப்பட்ட அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடமும் திரையில் தோன்றும். 'இது சென்னை' என்னும் செய்தியை மூன்றே நொடியில் அவை சொல்லிவிடும். ஆனால் வந்தவருக்கு அந்நகரம் எப்படித் தோன்றியது என்று அவை சொல்வதில்லை. முகவரி கிடைக்கிறது; இடம் கிடைப்பதில்லை.

நிலமும் பொழுதும்

இடத்தையும் காலத்தையும் முதலில் நிறுத்திவிட்டு மனிதரின் உணர்வுக்குள் செல்லும் முறை தமிழருக்குப் புதிதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்தது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவை கருப்பொருள். இவற்றின் பின்னணியில் எழும் அகவுணர்வே உரிப்பொருள். நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும். அதன் சிறுபொழுது எற்பாடு. உப்பு விளைத்தலும் மீன் பிடித்தலும் அதன் தொழில்கள். இரங்கல் அதன் உரிப்பொருள். அகப்பாடல்கள் பலவற்றில் நிலத்துக்கே பெரும்பகுதி அடிகள் செலவாகின்றன. தலைவியின் துயர் ஓரிரு அடிகளில் வந்துபோகிறது. அவ்வளவு நிலத்தைக் கடந்து வந்த பிறகு நாம் கேட்பதால்தான் அவ்விரண்டு அடிகள் கனக்கின்றன.

இந்த ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டவேண்டியதில்லை. தொல்காப்பியர் திரைக்கதை இலக்கணம் எழுதவில்லை. எனினும், களம் நிறுவும் காட்சித்துண்டைப் பலர் இடத்தை அறிவிப்பதாக மட்டுமே கருதுகின்றனர். பொழுதும் முதற்பொருள் என்பதை நாம் மறக்கலாகாது. மே மாத உப்பளம் வேறு. நவம்பர் மாத உப்பளம் வேறு. ஒரே நாளிலும் விடியற்காலை உப்பளம் வேறு. எற்பாட்டு உப்பளம் வேறு.

சத்யஜித் ராய் தம் முதற்படமான 'பதேர் பாஞ்சாலி'யில் அக்காளும் தம்பியும் தொடர்வண்டியைக் காணும் காட்சியை, வெண்ணிற நாணற்பூக்கள் பூத்துக் குலுங்கிய வெளி ஒன்றில் படமாக்கத் தொடங்கினார். ஒரு வாரம் கழித்து எஞ்சிய பகுதியை எடுக்கச் சென்றபோது பூக்களைக் காணவில்லை, கால்நடைகள் மேய்ந்துவிட்டிருந்தன. வேறோர் இடத்தைத் தேடி எப்படியோ ஒப்பேற்றிவிடலாம் என்று அவர் எண்ணவில்லை. அடுத்த ஆண்டு பூக்கும் பருவம் வரும்வரை காத்திருந்து எஞ்சியதை எடுத்தார். 1955இல் வெளிவந்த அப்படத்தில், வெண்பூக்களுக்கு அப்பால் கரும்புகை எழத் தொடர்வண்டி செல்லும் அக்காட்சி இன்றும் பேசப்படுகிறது. பொழுதுக்காக ஓராண்டு காத்திருந்த காட்சி அது.

தொழிற்சாலை வாயில் முதல் தொடர்வண்டி நிலையம் வரை

1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிசில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுத் திரையிட்ட குறும்படங்களுள் ஒன்று, அவர்களது தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளியேறும் காட்சியாகும். கேமரா ஓரிடத்தில் அசையாது நிற்கிறது. வாயில் திறக்கிறது. பெண்களும் ஆண்களும் கூட்டமாக வெளியே வந்து இருபுறமும் பிரிந்து செல்கின்றனர். அவ்வளவே படம். உழைப்போர் திரையில் தோன்றிய முதற்காட்சிகளுள் ஒன்றான அதில், அவர்கள் தொலைவில் தெரிகின்றனர். எவருடைய முகமும் தனித்து நம் நினைவில் தங்குவதில்லை. அக்காலத்தில் அண்மைக் காட்சி என்னும் எண்ணமே வேரூன்றவில்லை என்பதால் அதனைக் குறையாகச் சொல்ல முடியாது.

தமிழ்த் திரைப்படம் நாடக மேடையிலிருந்து பிறந்தது. தொடக்கக் காலப் படங்களில், அரங்கின் நடு இருக்கையில் அமர்ந்திருக்கும் பார்வையாளரைப் போலவே கேமரா இருந்தது. காடும் அரண்மனையும் படப்பிடிப்பு நிலையத்திற்குள்ளேயே அமைக்கப்பட்டன. அக்கட்டுக்குள்ளும் பெருங்காட்சிகள் பிறந்தன. ஜெமினி நிறுவனத்தின் 'சந்திரலேகா' (1948) படத்தின் முரசு நடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேருருவம் கொண்ட முரசுகளின் மேல் ஆடுவோரை ஒரே சட்டகத்தில் காட்டிய சேய்மைக் காட்சிகள் இல்லையெனில், அம்முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் வெளிப்படும்போது நமக்கு வியப்பு தோன்றாது. எத்தனை முரசுகள், எவ்வளவு பெரியவை என்பதை நம் கண்கள் முன்னரே அளந்து வைத்திருக்க வேண்டும்.

1977இல் பாரதிராஜா இயக்கிய '16 வயதினிலே', பி.எஸ். நிவாஸின் ஒளிப்பதிவில், கேமராவைப் புழுதித் தெருவுக்குக் கொண்டுவந்தது. மயில் தொடர்வண்டி நிலையத்தில் காத்திருப்பதில் படம் தொடங்குகிறது. அவள் யார், யாருக்காகக் காத்திருக்கிறாள் என்பது நமக்குத் தெரியாது. பின்னோக்கிச் சென்று கதை முழுதும் சொல்லப்பட்ட பிறகு, அதே நிலையத்துக்கு, அதே காத்திருப்புக்குத் திரும்புகிறோம். நிலையம் மாறவில்லை, பெண்ணும் மாறவில்லை. நாம் மாறியிருக்கிறோம். முதலில் ஓர் இடமாகத் தெரிந்தது, முடிவில் ஒரு வாழ்க்கையாகத் தெரிகிறது. இச்செய்தியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் உப்பளத்தில் இதனிடம் திரும்பி வருவோம்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்ச் சிற்றூரின் சாயலை நம் மனத்தில் பதித்த '16 வயதினிலே' படத்தின் பெரும்பகுதி, கர்நாடகத்தின் மைசூர், கொள்ளேகால் பகுதிகளில் படமாக்கப்பட்டது. எங்கோ எடுத்த காட்சித்துண்டுகளை இணைத்து, உலகில் இல்லாத ஓர் இடத்தைத் திரையில் உருவாக்க முடியும் என்பதை ரஷ்ய இயக்குநர் லெவ் குலஷோவ் 1920களிலேயே செய்துகாட்டினார். மாஸ்கோ நகரத் தெருக்களில் நடப்போர், அடுத்த காட்சித்துண்டில் வாஷிங்டன் வெள்ளை மாளிகையை அடைவதுபோல அவர் இணைத்திருந்தார்.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) படத்தின் இறுதிப் பகுதியில் ஊரே ஆற்றங்கரையில் திரண்டு நிற்க, ஒருவன் மட்டும் நீரை நோக்கிச் செல்கிறான். அசோக்குமாரின் ஒளிப்பதிவில் ஆறு அங்கே அழகிய பின்னணியாக நிற்கவில்லை. ஊர் தந்த தீர்ப்பின் இடமாக நிற்கிறது. அண்மைக் காட்சிகளைக் கொண்டே முழுதும் சொல்லியிருந்தால், ஒருவனுக்கும் ஊருக்கும் இடையே விழுந்துவிட்ட தொலைவை நாம் கண்ணால் கண்டிருக்க மாட்டோம்.

அண்மைக்காலத்தில் சேய்மைக் காட்சியைத் துணிவோடு கையாண்ட தமிழ்ப் படம் பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்'. 2021ஆம் ஆண்டு ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது பெற்றது. குடிப்பழக்கமும் முன்சினமும் கொண்ட தந்தையும், அவனுடைய சிறு மகனும், மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிப் பகுதியின் வறண்ட வெளியில் கொளுத்தும் வெயிலில் நடக்கின்றனர். பல இடங்களில் அவர்கள் இருவரும் பரந்த செம்மண் வெளியில் இரு சிறு உருவங்களாகவே தெரிகின்றனர். வெயிலைப் பற்றி யாரும் வசனம் பேசவேண்டிய தேவை எழவில்லை. இருவருக்கும் இடையிலுள்ள சில அடித் தொலைவு, மகனின் அச்சத்தை அளந்து காட்டுகிறது. அந்த இடைவெளி கூடுவதையும் குறைவதையும் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், கதை புரிந்துவிடும்.

இங்கே ஒரு நடைமுறைச் செய்தி. சட்டகத்தின் உயரத்தில் இருபதில் ஒரு பங்கே ஓர் உருவம் இருப்பதாகக் கொள்வோம். இருபதடி உயரமுள்ள திரையில் அவ்வுருவம் ஓரடி இருக்கும். அதன் நடையையும் களைப்பையும் காணலாம். கிடைமட்டமாகப் பிடித்த கைப்பேசியில் அதே உருவம் மூன்று மில்லிமீட்டர் அளவே இருக்கும். தொலைக்காட்சித் தொடர்கள் முகங்களாலேயே நிறைந்திருப்பதற்குத் திரையின் அளவும் ஒரு காரணம். 'கூழாங்கல்' போன்ற படத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று சொல்வோரிடம் நான் வாதிடுவதில்லை. பெரிய திரையில் ஒருமுறை பார்க்கச் சொல்கிறேன்.

உப்பளத்தில் கேமரா

இனி மரக்காணத்துக்கு வருவோம். விழுப்புரம் மாவட்டத்தின் இக்கடற்கரை ஊரைச் சங்க இலக்கியம் கூறும் எயிற்பட்டினம் என அறிஞர் பலர் கருதுகின்றனர். ஊரின் அருகே கழுவெளி என்னும் பரந்த நீர்நிலை கழிமுகத்தின் வழியாகக் கடலோடு கலக்கிறது; அது 2021இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. உவர்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி வெயிலில் காயவிட்டு, அடர்த்தி ஏற ஏற அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றி, இறுதிப் பாத்தியில் உப்பு படியச் செய்கின்றனர். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகளே உள்ளன. ஓர் அம்பாரத்துக்கு எவ்வளவு நீர் ஆவியாகியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். படிந்த உப்பை நீண்ட கைப்பிடியுள்ள மரப்பலகையால் வாரிச் சேர்ப்பர். கூடையில் அள்ளித் தலையில் சுமந்து வரப்பில் குவிப்பர். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தொழில் நின்றுவிடும். குவித்த உப்பை மழை கரைத்துவிடாதபடி ஓலைகளால் மூடிவைப்பர்.

இந்நிலத்தைப் படமெடுப்போர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் அதன் தட்டைத்தன்மை. மலையும் மேடும் உள்ள இடத்தில் தொலைவு தானாகவே தெரியும். உப்பளத்தில் ஆள் உயரத்தில் நின்று பார்த்தால், பாத்திகள் அத்தனையும் நசுங்கி அடிவானத்தின் கீழே ஒரு மெல்லிய கோடாகிவிடும். எஞ்சியதெல்லாம் வானம். அகன்ற திரைவடிவம் இத்தகைய நிலத்துக்குப் பொருந்தும். 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்' படத்தோடு தமிழுக்கு வந்த சினிமாஸ்கோப் வடிவத்தில் திரையின் அகலம் உயரத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஆயினும் அகலம் மட்டுமே ஆழத்தைத் தந்துவிடாது. முன்னணியில் ஓர் அம்பாரம், இடையில் ஒரு மனிதர், பின்னணியில் ஒரு பனைமரம் என மூன்று தொலைவுகள் அமைந்தால்தான் கண் உள்ளே செல்ல வழி பிறக்கும்.

தட்டைத்தன்மைக்கு இன்று பலரும் கண்டுள்ள எளிய தீர்வு டிரோன். அது மேலே ஏறியவுடன் பாத்திகள் கட்டங்கட்டமாக, வெண்மையும் பச்சையும் செம்மையும் கலந்த கோலமாக விரிகின்றன. அழகில் குறையே இல்லை. ஆனால் நேர்மேலிருந்து பார்க்கையில் மனிதரின் தலையும் தோளும் மட்டுமே தெரியும்; தலைச்சுமையின் எடையால் கழுத்து வளைவதும், வெற்றுக்கால் வழுக்கும் வரப்பில் இடம் தேடுவதும் தெரியா. டிரோன் காட்சியை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனையே முதலும் முடிவுமாகக் கொண்ட படங்கள் உப்பளத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை என்பதே என் கருத்து. கேமராவை இடுப்பளவுக்குத் தாழ்த்தி வைத்துப் பாருங்கள். அம்பாரம் வானத்தை மறைத்து எழும். அதன்மேல் உப்பைக் கொட்ட ஏறுபவர் மலை ஏறுபவராகத் தோன்றுவார்.

அடுத்தது ஒளி. உப்பின் வெண்மை கேமராவை ஏமாற்றும். எதிரில் உள்ளது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கொண்டே கேமராவின் ஒளிமானி கணக்கிடுகிறது. சட்டகம் முழுதும் உப்பாக இருந்தால், 'ஒளி மிகுதி' என்று முடிவுசெய்து அது காட்சியை இருட்டாக்கிவிடும். உப்பு அழுக்குச் சாம்பலாகும். மனித முகம் கருநிழலாகும். எனவே ஒளிப்பதிவாளர் கணக்கைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, முகத்துக்கு ஏற்றவாறு ஒளியைக் கூட்டி அனுமதிக்க வேண்டும். கைப்பேசியிலும் இதைச் செய்யலாம்: திரையில் முகம் உள்ள இடத்தைத் தொட்டு ஒளியளவைச் சற்றே உயர்த்தினால் போதும். அப்போது உப்பு அளவுக்கு மீறி வெளுக்கலாம். வெளுக்கட்டும். முகமா உப்பா என்று தேர்ந்தாக வேண்டிய இடத்தில் எதைத் தேர்கிறோம் என்பது தொழில்நுட்பக் கேள்வியாக நின்றுவிடுவதில்லை.

பொழுதைத் தேர்வதிலும் இத்தகைய இக்கட்டு உண்டு. மாலையில் கதிரவன் மேற்கே சாயும். கடலை நோக்கி நின்று படமெடுத்தால் ஒளி நேராக விழும். உப்பு பொன்னிறம் பெறும். ஆனால் அந்நேரத்தில் உப்பளத்தில் ஆளிருப்பது அரிது. வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டித் தொழிலாளர் விடியற்காலையிலேயே இறங்கிவிடுவர். அப்போது சாலையிலிருந்து கடற்பக்கம் பார்த்தால் கதிரவன் எதிரே நிற்பான், மனிதர் கருவுருவங்களாவர். கருவுருவமும் அழகுதான். அதனால்தான் உப்பளப் புகைப்படங்கள் பலவற்றில் மனிதருக்கு முகமே இருப்பதில்லை. காலையில் அவர்கள் முகத்தைக் காணவேண்டுமானால், சாலையை விட்டு வரப்பு வழியே நடந்து, அவர்களைக் கடந்து கடற்பக்கம் சென்று, மேற்கு நோக்கித் திரும்பி நிற்க வேண்டும். அவ்வளவு தூரம் நடக்கும்போது நான்கு பேரிடமாவது பேசியிருப்போம் என்பது கூடுதல் பயன்.

வில்லையின் தேர்வும் இங்கே பேசத்தக்கது. அகன்ற கோண வில்லை தொலைவைக் கூட்டிக் காட்டும்; இரண்டு பாத்தி தள்ளி நிற்பவரும் நெடுந்தொலைவில் இருப்பதுபோல் தோன்றுவார். தொலைநோக்கு வில்லை இடைவெளியைச் சுருக்கும். டேவிட் லீன் இயக்கிய 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) படத்தில், கானல்நீர் அலையும் பாலை வெளியில் கரும்புள்ளியாகத் தொடங்கும் ஓர் உருவம் மெல்ல மெல்ல ஒட்டகத்தில் வரும் வீரனாக வளர்கிறது. அதற்காக ஒளிப்பதிவாளர் ஃபிரெடி யங் மிக நீண்ட தொலைநோக்கு வில்லையைப் பயன்படுத்தினார். வருபவன் நண்பனா பகைவனா என்று அறியாமல் நாம் காத்திருக்கும் அந்தக் கால நீட்சியே காட்சியின் உயிர். கோடை நண்பகலில் மரக்காணம் உப்பளத்திலும் கானல் அலையும். ஆனால் அங்கே வருபவர் வீரரல்லர், தலைச்சுமையோடு வருபவர். காத்திருந்து பார்ப்பதற்கு அவர் நடையும் தகுதியுடையதுதான்.

குஜராத்தின் சிறிய ரண் பகுதியில் உப்பு விளைவிக்கும் குடும்பம் ஒன்றைப் பற்றி ஃபரிதா பாச்சா இயக்கிய 'மை நேம் இஸ் சால்ட்' (2013) என்னும் ஆவணப்படம் அவ்வாறு காத்திருந்து பார்க்கிறது. விளக்கவுரை சொல்லும் பின்னணிக் குரல் அதில் இல்லை. எட்டு மாதம் அவ்வெளியில் தங்கி உழைப்போரைக் கேமரா பொறுமையாகக் கவனிக்கிறது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' நாவலைப் படித்துவிட்டு அப்படத்தைப் பார்ப்பவர்கள், எழுத்து நெருங்கிச் சென்று சொன்னதைக் கேமரா விலகி நின்று சொல்வதை உணர்வர்.

இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது

சில ஆண்டுகளுக்கு முன் பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஐவர், உப்பளத்தைப் பற்றி நான்கு நிமிடக் குறும்படம் ஒன்றைக் கைப்பேசியில் எடுத்தனர். சாலையோரத்திலிருந்து எடுத்த எட்டு நொடிச் சேய்மைக் காட்சித்துண்டில் அது தொடங்கியது: பாத்திகள், வானம், வரிசையாக நகரும் ஆறேழு உருவங்கள். வகுப்புச் சுவரில் அதைத் திரையிட்டோம். அக்காட்சி மாறுவதற்குள் ஒரு மாணவி மெல்லச் சொன்னாள்: "இடப்பக்கத்திலிருந்து மூணாவதா போறது எங்கம்மா."

படத்தை நிறுத்திப் பின்னோக்கிச் செலுத்தினோம். எங்கள் கண்ணுக்கு எல்லா உருவங்களும் ஒன்றுபோலவே இருந்தன. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கூடை இருந்தா இடது காலைக் கொஞ்சம் தள்ளி வைப்பாங்க ஐயா" என்றாள். மறுபடியும் பார்த்தோம். ஆம், மூன்றாவது உருவம் இடது காலைச் சற்று அகற்றி வைத்தே நடந்தது.

ஒரே காட்சித்துண்டில் அவள் தாயைக் கண்டாள்; நாங்கள் நிலத்தைக் கண்டோம். காட்சியில் குறை ஏதுமில்லை. எங்களுக்கு அவ்வம்மாவைத் தெரியாது, அவ்வளவுதான். அப்படியானால் தெரியாதவர்களுக்குத் தெரியச் செய்வது எப்படி என்று மாணவர்கள் விவாதித்தனர். நெருங்கிச் சென்று எடுத்தால் போதும் என்றான் ஒருவன். அவ்வாறே மறுவாரம் அம்மாணவியின் தாயிடம் இசைவு பெற்று எடுத்தனர். விடியலுக்குமுன் அவர் புறப்படுவது, உவர்நீரில் ஊறி வெடித்த குதிகால், வெண்மையின் கூச்சத்தில் சுருங்கும் கண்கள், தலையில் சும்மாடு கோலும் விரல்கள் ஆகியவை நடுக்காட்சிகளாகவும் அண்மைக் காட்சிகளாகவும் சேர்ந்தன.

அப்போது படத்தொகுப்பைக் கவனித்த மாணவன் ஒருவன், தொடக்கத்தில் வைத்த அதே எட்டு நொடித் துண்டை முடிவில் மீண்டும் ஒருமுறை சேர்த்தான். புதிதாக எடுக்க நேரமில்லாததால் செய்தது அது என்று பிறகு ஒத்துக்கொண்டான். எடுத்த பதிவு முழுதும் கைவசம் இருந்ததால், இம்முறை அதனை எட்டு நொடியில் வெட்டாமல் இருபது நொடி ஓடவிட்டான். திரையிட்டபோது நிகழ்ந்ததை நான் நேரில் கண்டேன். நாற்பது மாணவர்களின் கண்களும் சுவரின் இடப்பக்கமாகச் சென்று, மூன்றாவது உருவத்தைப் பற்றிக்கொண்டு, அதனோடு சேர்ந்து நகர்ந்தன. முதலில் எவரும் கவனியாத நடையை இப்போது எல்லாரும் கண்டுகொண்டனர். அவர் ஓரிடத்தில் நின்று கூடையைச் சரிசெய்தபோது, முன்வரிசையில் ஒருத்தி தன் கழுத்தைத் தடவிக்கொண்டாள். '16 வயதினிலே' படத்தின் நிலையத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

இருபது நொடி மிகுதி என்று சிலர் கருதினர். அண்மைக் காட்சியில் பார்ப்பதற்கு ஒரு முகமே இருப்பதால் கண் விரைவில் படித்துவிடும். சேய்மைக் காட்சியில் கண் அலைய வேண்டும், தேட வேண்டும், கண்டபின் தங்க வேண்டும். அதற்கு நேரம் தராமல் வெட்டினால், பேருந்துச் சன்னலில் கண்ட உப்பளமே திரையிலும் மிஞ்சும். ஒலியையும் அவர்கள் மாற்றினர். முதல்முறை இசை சேர்த்திருந்தனர். இரண்டாம் முறை இசையை நீக்கிவிட்டு, நீர் இறைக்கும் எந்திரத்தின் சத்தத்தையும் காற்றையும் மட்டும் விட்டுவைத்தனர்.

விடுபட்ட ஒரு காட்சிக்காக அவர்கள் நவம்பரில் மீண்டும் சென்றபோது உப்பளமே இல்லை. மழைநீரில் வரப்புகள் முழுகி, பாத்திகள் அனைத்தும் ஒரே ஏரியாகிக் கிடந்தன. ஓலை வேய்ந்த அம்பாரங்கள் சில நின்றன, ஆள் எவருமில்லை. எடுக்கச் சென்றதை எடுக்க முடியாமல், அந்த வெற்று நீர்ப்பரப்பையே பதிவுசெய்து திரும்பினர். அதனைப் படத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. "எங்கம்மா இல்லாத இடத்தை எதுக்குக் காட்டணும்?" என்றாள் அம்மாணவி. அவர் இல்லாததைக் காட்டத்தான் என்றான் படத்தொகுப்பாளன். மழைக்கால மாதங்களில் வேலையுமில்லை, கூலியுமில்லை என்று அவளே சொன்னதை நினைவூட்டினான். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்காலத்தில் 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்ததும் இந்த இடைவெளியைக் கருதியே.

இறுதியில் அத்துண்டைச் சேர்ப்பதென முடிவாயிற்று. எங்கே சேர்ப்பது என்பதில் அம்மாணவியின் சொல்லே வென்றது: அம்மா நடந்துபோகும் இருபது நொடிக்குப் பிறகு, வேறெதுவும் இடையில் வராமல். சாலையோரத்தில் முன்பு கேமரா வைத்த அதே இடத்தில், அதே உயரத்தில் அதனை எடுத்திருந்ததால் இரண்டு சட்டகங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. திரையிட்டபோது மழையின் சத்தம் மட்டும் கேட்டது. பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து சென்று, சுவரில் அவர் முன்பு நின்று கூடையைச் சரிசெய்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.